பிள்ளை இன்னும் கதைக்கேல்ல, எங்க போறது? கொழும்பில தெரபி தேடத் தொடங்குற ஆக்கள் கேக்கிற கேள்விகள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெமட்டகொட பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர் பிள்ளையளக் கூட்டிக்கொண்டு கிளினிக் போகேக்க சிங்களத்தில கதைச்சுக் குடுக்க நானும் கூடப் போறனான். நான் டொக்டரும் இல்ல தெரபிஸ்டும் இல்ல. ஆனா வெயிட்டிங் ரூம் வாங்கில பக்கத்தில இருக்கிற அம்மா, பின்னேரம் வட்ஸ்அப்பில வாற அப்பா எண்டு எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களத்தான் கேக்கினம், அதால கேட்ட மாதிரியே எழுதி, டொக்டர்மாரும் தெரபிஸ்ட்மாரும் திரும்பத் திரும்ப சொல்லி நான் மொழிபெயர்த்த பதில்களையும் போடுறன். உங்கட பிள்ளைய நேர பாத்த டொக்டர் வேற மாதிரி சொன்னா அவர் சொல்றதக் கேளுங்கோ.

மகனுக்கு ரெண்டு வயசு, அம்மா எண்டு கூட சொல்றானில்ல. முதல்ல யாரிட்ட போறது?

உங்கட ஏரியா எம்.ஓ.எச். கிளினிக்குக்குத்தான், அதாவது ஊசி போடப் போற அதே இடம். கொழும்பு மாநகர சபைக்குள்ள இருந்தா மாநகர சபையின்ட தாய் சேய் கிளினிக். பிள்ளைக்குப் பிறந்தோடன தந்த சுகாதாரப் பதிவேடு இருக்குத்தானே, ஆம்பிளைப் பிள்ளைக்கு நீலம் பொம்பிளைப் பிள்ளைக்கு ரோஸ், அதில நிறை போடுற கிராஃப் மட்டும்தான் கனபேர் பாக்கிறது, ஆனா எந்த வயசில என்ன செய்யோணும் எண்டு வளர்ச்சிப் பக்கமும் அதுக்குள்ள இருக்கு. வீட்ட இருந்தே அத நிரப்பிக்கொண்டு போய் மிட்வைஃப் மிஸ்ஸிட்டயோ எம்.ஓ.எச். டொக்டரிட்டயோ "இது இது செய்யிறானில்ல" எண்டு காட்டுங்கோ, அவை சிறுவர் வைத்திய நிபுணருக்கு லெட்டர் தருவினம்.

சிறுவர் டொக்டர் ஒருத்தர சனல் பண்ணி, அதாவது பிரைவேட்டில காசு கட்டி நேரம் எடுத்து, நேர போறதும் சரிதான். அப்படிப் போனாலும் "கவர்மென்ட் கிளினிக்குக்கு ஒரு ரெபரல் லெட்டர் எழுதித் தாங்கோ" எண்டு அப்பவே கேட்டு வாங்குங்கோ, பிறகு அந்த லெட்டருக்கு எண்டே இன்னொருக்கா சனல் காசு கட்டத் தேவையில்ல.

எந்த வயசில என்ன செய்யாட்டி யோசிக்கோணும்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லினம்.

டொக்டர்மார் வழக்கமா கேக்கிறதச் சொல்றன். 9 மாசத்தில பிடிமானமில்லாம இருக்கேல்ல, ஒரு வயசாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பேல்ல, டாட்டா காட்டேல்ல, 18 மாசத்தில நடக்கேல்ல, வேணும் எண்ட சாமான விரலால காட்டிக் கேக்கேல்ல, ஒரு சொல்லும் இல்ல, ரெண்டு வயசில "அம்மா வா", "பால் தா" மாதிரி ரெண்டு சொல் சேர்த்துச் சொல்லேல்ல. இதில ஏதாவது ஒண்டு இருந்தாலே காட்டிறது நல்லம். பிரச்சினை இருக்கு எண்டு அதுக்கு அர்த்தமில்ல, பாக்க வேண்டிய நேரம் வந்திட்டுது, அவ்வளவுதான்.

இதில எந்த வயசாயிருந்தாலும் பொறுக்கக்கூடாத ஒண்டு இருக்கு. முதல் சொல்லிக்கொண்டிருந்த சொல்லு இல்லாமப் போறது, நடந்த பிள்ளை நடையக் குறைக்கிறது, முகம் பாத்துச் சிரிச்ச பிள்ளை பாக்காம விடுறது. இருந்தது போனா அடுத்த கிளினிக் நாள் வரும் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காம உடன டொக்டரிட்ட போங்கோ.

எங்கட பிள்ளை ரெண்டு மாசம் முந்திப் பிறந்தவ. அவவுக்கும் இதே கணக்கா?

இல்ல. பிறக்க வேண்டிய திகதியில இருந்து எண்ணுங்கோ. ரெண்டு மாசம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு இப்ப 12 மாசம் எண்டா 10 மாசப் பிள்ளைக்குரியத எதிர்பாக்கலாம், ரெண்டு வயசு மட்டும் டொக்டர்மார் இப்படித்தான் கணக்குப் பாப்பினம். ஆனா நிறை குறைஞ்சு பிறந்த, இன்குபேட்டர்ல இருந்த பிள்ளையள ஹொஸ்பிட்டல்ல தொடர்ந்து வரச்சொல்லி டேட் குடுப்பினம், பிள்ளை நல்லாத்தானே இருக்கு எண்டு அந்த டேட்ட விட்டிடாதேங்கோ. டவுன் சின்ட்ரோம் பிள்ளையளுக்கும் அப்படித்தான், பிந்தும் வரைக்கும் பாத்திருக்காம கைப்பிள்ளையா இருக்கேக்கயே பிசியோ (உடம்புப் பயிற்சி) தொடங்குவினம்.

மாமி சொல்றா ஆம்பிளைப் பிள்ளையள் லேட்டாத்தான் கதைப்பினமாம், இவன்ட அப்பாவும் நாலு வயசிலதான் கதைச்சவராம். பொறுத்துப் பாக்கட்டா?

பொறுக்காதேங்கோ. ஆம்பிளைப் பிள்ளையள் கொஞ்சம் பிந்துறது உண்மை, ஆனா அந்தக் கொஞ்சம் ஒரு வருசக் கணக்கில வராது. குடும்பத்தில வேற ஆரும் பிந்திக் கதைச்சவை எண்டா அது டொக்டருக்குச் சொல்ல வேண்டிய விசயம், வீட்டில இருக்கிறதுக்குக் காரணமில்ல. கேட்டுப்பாத்தா, பிந்திக் கதைச்ச அதே ஆள் பள்ளிக்கூடத்தில வாசிக்கிறதுக்கும் கஷ்டப்பட்டவர் எண்டு கன வீட்டில பிறகுதான் வெளிய வரும்.

மாமியோட சண்டை பிடிக்கவும் வேண்டாம். அவவையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பகல் முழுக்க பிள்ளையப் பாக்கிறது அவதானே, தெரபிஸ்ட் சொல்றத அவ நேர கேட்டா வீட்டில செய்யிறதும் அவவாத்தான் இருக்கும், நான் பாத்த வரைக்கும் அப்பம்மா அம்மம்மா சேர்ந்த வீடுகளில பயிற்சி விடுபடாம நடக்குது.

டொக்டர் முதல்ல காது டெஸ்ட் செய்யச் சொல்றார். டிவி சத்தத்துக்கு ஓடி வாறாளே, பிறகென்னத்துக்கு?

டிவி சத்தம் கேக்கிறதும் "ச", "த", "ப" எண்ட எழுத்துகள் பிரிஞ்சு விளங்குறதும் ஒண்டில்ல. ஒரு காது நல்லாயிருந்து மற்றது குறைவா இருக்கலாம், அடிக்கடி தடிமன் வாற பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால தண்ணி நிண்டு எல்லாச் சத்தமும் மந்தமாக் கேக்கலாம். அது தெரியாம எவ்வளவு ஸ்பீச் தெரபி செய்தும் பிரயோசனமில்ல, அதுதான் கதை பிந்துற எந்தப் பிள்ளைக்கும் முதல் டெஸ்ட் இது.

சின்னப் பிள்ளையளுக்கு ஏ.பி.ஆர். எண்ட டெஸ்ட் செய்வினம், தலையிலயும் காதடியிலயும் சின்ன வயர் ஒட்டி சத்தத்துக்கு மூளை காட்டுற பதில அளக்கிறது. நோகாது, ஆனா பிள்ளை அசையாம நித்திரையில இருக்கோணும். கனபேர் இதிலதான் மாட்டுறது, த்ரீவீலர்ல வரேக்கயே பிள்ளை நித்திரையாகி, ஹொஸ்பிட்டல் வாசல்ல முழிச்சு, பிறகு எந்தப் பாட்டுக்கும் நித்திரை கொள்ளாது, கடைசியில வேற டேட். இரவு கொஞ்சம் பிந்திப் படுக்க விட்டு விடிய வெள்ளன எழுப்பி, வழியெல்லாம் கதை குடுத்து முழிப்பா வச்சிருந்து, அங்க போனாப் பிறகு பால் குடுத்து நித்திரையாக்குங்கோ. நித்திரை மருந்து குடுக்கிற இடமெண்டா எத்தன மணிக்குப் பிறகு சாப்பாடு குடுக்கக்கூடாது எண்டு முதலே கேளுங்கோ.

ஸ்பீச், ஓ.டி., பிசியோ, சைக்கோலொஜிஸ்ட் எண்டு நாலஞ்சு பேர் சொல்லியிருக்கு. யார் என்ன செய்யிறது?

ஸ்பீச் தெரபிஸ்ட் கதை மட்டும் பாக்கிறவர் இல்ல, சொன்னத விளங்கிக்கொள்றது, சைகை, விளையாட்டு, சப்பி விழுங்குறது எல்லாம் அவற்ற வேலைதான். ஓ.டி. (ஒக்குபேஷனல் தெரபி) எண்டா கை வேலையும் நாளாந்த வேலையும்: பட்டன் போடுறது, கரண்டி பிடிக்கிறது, தலைமயிர் வெட்டேக்க கத்துற, சத்தத்துக்குக் காதப் பொத்துற பிள்ளையள ஆறுதல்படுத்துறது. பிசியோ இருக்கிறது, நிக்கிறது, நடக்கிறது, கைகால் இறுக்கம். சைக்கோலொஜிஸ்ட் பழக்கவழக்கம், கற்றல் பாப்பார். என்ன பிரச்சினை எண்டு பேர் சொல்றது சிறுவர் டொக்டரோ சிறுவர் மனநல டொக்டரோ. மனநலம் எண்டு போர்டில கண்டோடன பயந்து திரும்பி வந்த ஆக்களையும் நான் கண்டிருக்கிறன், பயப்படாதேங்கோ, ஓட்டிசம், அதாவது மற்றவையோட பழகிறதிலயும் கதைக்கிறதிலயும் வித்தியாசம் தெரியிற வளர்ச்சி நிலை, அதப் பாக்கிறதும் அந்த டொக்டர்மார்தான்.

என்ன பிரச்சினை எண்டு டொக்டர் இன்னும் சொல்லேல்ல. அதுக்கு முதல் தெரபி தொடங்கலாமா?

தொடங்கலாம், தொடங்கோணும். எனக்கு இந்தப் பக்கத்தில ஒண்டே ஒண்டுதான் சொல்ல விடுவினம் எண்டா இதத்தான் சொல்லுவன். பேர் வர மாசக்கணக்கில ஆகலாம், சில பிள்ளையளுக்கு வளர வளரத்தான் தெளிவாகும், ஆனா கதைக்கத் தெரியாத பிள்ளைக்குக் கதைக்கப் பழக்கிறதுக்கு அந்தப் பேர் தேவையில்ல. முதல் அஞ்சு வருசத்தில மூளை பழகிற வேகம் பிறகு வராது. காது டெஸ்டுக்கு ஒரு டேட், ஸ்பீச்சுக்கு ஒரு டேட், டொக்டருக்கு ஒரு டேட் எண்டு மூண்டையும் ஒரே கிழமையில போட்டுவிடுங்கோ, ஒண்டு முடிய ஒண்டு எண்டு இருந்தா பிள்ளைக்கு வயசு போயிடும்.

காசில்லாம கவர்மென்டில எங்க காட்டலாம்?

பொரளையில இருக்கிற சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, எங்கட ஆக்கள் சில்ரன்ஸ் ஹொஸ்பிட்டல் எண்டு சொல்ற இடம், 1895ல தொடங்கினது. சிறுவர் மனநலப் பிரிவு, ஸ்பீச், பிசியோ எல்லாம் ஒரே வளவுக்குள்ள. தெஹிவளை பக்கம் இருக்கிற ஆக்களுக்கு களுபோவில ஹொஸ்பிட்டல் கிட்ட. ராகமையில களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோட சேர்ந்த அயதி நிலையம் இருக்கு, இப்படியான பிள்ளையளுக்கெண்டே கட்டினது, கோட்டையில இருந்து ரயில்ல போகலாம். எங்கயும் போக முதல் எந்த நாள் எந்த கிளினிக், லெட்டர் வேணுமா எண்டு ஃபோன்ல கேட்டிட்டுப் போங்கோ.

கொண்டு போக வேண்டியது: பிள்ளையின்ட சுகாதாரப் பதிவேடு, பிறந்த ஹொஸ்பிட்டல் டயக்னோசிஸ் கார்ட், செய்த ரிப்போர்ட் எல்லாத்தின்டயும் ஃபோட்டோகொப்பி, சாப்பாடு, மாத்துடுப்பு. ஃபோன்ல ரெண்டு மூண்டு வீடியோ எடுத்து வையுங்கோ, ஒண்டு பிள்ளை தன்பாட்டில விளையாடுறது, ஒண்டு பேர் சொல்லிக் கூப்பிடேக்க என்ன செய்யிறார் எண்டது, ஒண்டு அடம்பிடிக்கிறது. நாலு மணித்தியாலம் வரிசையில இருந்து களைச்ச பிள்ளை டொக்டருக்கு முன்னால தன்ட உண்மையான குணத்தக் காட்டாது, அந்த வீடியோதான் காட்டும்.

ஸ்பீச் கிளினிக்கில மாசக்கணக்கில தள்ளி டேட் தந்திருக்கினம். அதுவரைக்கும் சும்மா இருக்கிறதா?

முதல்ல டேட் தந்த ஆளிட்டயே "ஆரும் வராட்டி எங்களக் கூப்பிடுவீங்களா" எண்டு கேட்டு ஃபோன் நம்பரக் குடுங்கோ, சில நேரம் கூப்பிடுவினம். வசதியிருந்தா பிரைவேட்டில ஒருக்காப் போய் வீட்டில என்ன செய்யிறது எண்டு எழுதி வாங்கிக்கொண்டு வரலாம்.

வீட்டில செய்யக்கூடியது கன இருக்கு. தெரபிஸ்ட்மார் அடிக்கடி காட்டுற ஒண்டச் சொல்றன். பிள்ளைக்கு விருப்பமான மாரி பிஸ்கட்ட மூடி இறுக்கமான, உள்ளுக்குத் தெரியிற போத்தலில போட்டு அவருக்கு எட்டுற இடத்தில வையுங்கோ. எடுத்துப் பாப்பார், திறக்க ஏலாது, உங்களிட்டக் கொண்டு வருவார். உடன திறக்காதேங்கோ. அவற்ற முகமட்டத்துக்கு இருந்து, "திற" எண்டு சொல்லிப்போட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்கோ. ஒரு பார்வை, ஒரு சத்தம், கைய இழுக்கிறது, எது வந்தாலும் அதப் பதிலா எடுத்து "திற, திறந்தாச்சு" எண்டு திறந்து ஒரே ஒரு துண்டு குடுங்கோ, முழுப் பிஸ்கட் இல்ல, துண்டு குடுத்தாத்தான் திரும்பக் கேக்க வருவார். அழ விட்டுப் பட்டினி போட்டுச் செய்யிற விளையாட்டில்ல இது, எரிச்சல் வர முதல் குடுத்திடோணும். குளிக்க வாக்கேக்க, சட்டை போடேக்க, தெருவில பஸ் பாக்கேக்க எல்லாம் இப்படி ஒரு சொல்லு ரெண்டு சொல்லில கதையுங்கோ. "இது என்ன, இது என்ன" எண்டு பரீட்சை வைக்காதேங்கோ.

வீட்ல தமிழ், பக்கத்து வீட்ல சிங்களம், நர்சரில இங்கிலீஷ். புள்ள கொழம்பிருச்சா? டீச்சர் வீட்லயும் இங்கிலீஷ்தான் பேசணும்னு சொல்றாங்க.

குழம்பேல்ல. ரெண்டு மூண்டு மொழி கேக்கிறதால கதை பிந்துறதில்ல, கொழும்பில பாதிப் பிள்ளையள் இப்படித்தான் வளருதுகள். பிந்துற பிள்ளை ஒரு மொழி மட்டும் கேட்டாலும் பிந்தும். நீங்கள் சிரிக்கிற, கோபப்படுற, தாலாட்டுற மொழியிலதான் பிள்ளையோட நிறையக் கதைக்க ஏலும், வராத இங்கிலீஷில "கம்", "கோ", "சிட்" எண்டு நாலு சொல்லோட நிண்டா பிள்ளை கேக்கிற கதையும் குறைஞ்சு போகும். தமிழ் உங்கட வாய்க்கு வாற மொழி எண்டா தமிழிலயே கதையுங்கோ, டீச்சருக்கு இத ஆறுதலாச் சொல்லுங்கோ, தேவையெண்டா தெரபிஸ்டிட்ட ஒரு வரி எழுதி வாங்கிக் குடுங்கோ.

தெரபிஸ்ட் சிங்களம் மட்டும்தான் கதைக்கிறா. தமிழ்ப் பிள்ளைக்கு அது சரிவருமா?

தமிழ்த் தெரபிஸ்ட்மார் குறைவுதான், அது உண்மை. இருக்கிறா எண்டா அவவிட்டக் கேட்டுப் போறது நல்லம், 1987ல இருந்து தமிழும் அரச கரும மொழி, தமிழில கேக்கிறத ஒரு உபகாரமா நினைச்சுக் கூச்சப்படாதேங்கோ. கிடைக்காட்டி அதுக்காகத் தெரபிய விடவும் வேண்டாம். சின்னப் பிள்ளைக்குத் தெரபிஸ்ட் செய்யிறதில பெரும்பங்கு உங்களுக்குக் காட்டித் தாறது, நீங்கள் வீட்ட போய் தமிழில செய்யிறது.

போகேக்க ஒரு கொப்பியில பிள்ளை சொல்ற சொல்லெல்லாம் எழுதிக்கொண்டு போங்கோ, எப்படிச் சொல்றாரோ அப்படியே. தண்ணிக்கு "ண்ணி", பூனைக்கு "மியா" எண்டா அதுவும் சொல்லுத்தான். பக்கத்தில சிங்களத்தில அர்த்தத்தையும் எழுதுங்கோ. நான் கூடப் போற அம்மா ஒருத்தர் இப்படி எழுதிக் கொண்டு போக, ஒண்டும் கதைக்காது எண்டு நினைச்ச பிள்ளைக்குக் கன சொல் இருக்கு எண்டது அந்த மேசையில வச்சுத்தான் அவவுக்கே தெரிய வந்தது.

எண்ட மகள் ஏபிசிடி முழுக்கச் சொல்லுவா, யூடியூப் பாட்டெல்லாம் அப்படியே பாடுவா, ஆனா தண்ணி வேணும் எண்டு கேக்கத் தெரியாது. வாப்பா சொல்றார் கெட்டிக்காரி எண்டு. இது என்ன?

ஞாபகசக்தி நல்லா இருக்கு எண்டது சரி. ஆனா ஒருத்தர்ட முகத்தப் பாத்து தனக்கு வேண்டியதக் கேக்கிறது வேற திறமை, அது வரேல்ல எண்டா காட்டத்தான் வேணும். கேட்டதத் திருப்பிச் சொல்ற பிள்ளைக்கு அதில இருந்தே கதைய வளர்க்க ஏலும், தெரபிஸ்ட் அத ஒரு தொடக்கமா எடுப்பார், அதால பாடாத எண்டு அடக்காதேங்கோ. எந்தப் பாட்டு, எப்ப பாடுறா எண்டு கவனிச்சுச் சொல்லுங்கோ, சில பிள்ளையள் பசிக்கேக்க ஒரு பாட்டு, பயத்துக்கு ஒரு பாட்டு எண்டு வச்சிருப்பினம்.

அப்ப ஃபோன நிப்பாட்டினா எல்லாம் சரியாகுமா?

குறைக்கிறது கட்டாயம். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, ரெண்டு வயசுக்குக் கீழ வேண்டாம், 2ல இருந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம் எண்டு. ஃபோன் பாக்கிற நேரத்தில பிள்ளையோட ஆரும் கதைக்கிறேல்ல, பாதிப்பு அங்கதான். ஆனா ஃபோன நிப்பாட்டிப்போட்டு "இப்ப சரியாகும்" எண்டு இன்னொரு வருசம் காத்திருக்காதேங்கோ, நிப்பாட்டுறதும் டேட் எடுக்கிறதும் ஒரே கிழமையில நடக்கட்டும்.

நாக்கில வசம்பு தடவினா, நாக்குக்குக் கீழ நரம்ப வெட்டினா கதை வருமாமே?

வசம்பால கதை வராது, அளவு கூடினா பிள்ளை சத்தியெடுக்கும், சின்னக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். நாக்கு ஒட்டியிருந்தா பால் குடிக்கிறதிலயும் சில எழுத்து உச்சரிப்பிலயும் கஷ்டம் வரலாம், கதையே வராததுக்கு அது காரணமில்ல. வெட்டச் சொல்லி ஆரும் சொன்னா ஸ்பீச் தெரபிஸ்டிட்டக் காட்டாம சம்மதிக்காதேங்கோ. கோயில்ல நேர்த்தி வைக்கிறது, பள்ளியில ஓதிப் பாக்கிறது உங்கட மனசுக்கு ஆறுதல், அதச் செய்யுங்கோ, கிளினிக் டேட்டையும் விடாம போங்கோ.

மூண்டு வயசு எம்.எம்.ஆர். ஊசியால ஓட்டிசம் கூடும் எண்டு சொல்லினம். போடாம விடட்டா?

போடுங்கோ. அந்த ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பில்ல எண்டு பல நாடுகளில லட்சக்கணக்கான பிள்ளையள வச்சுப் பாத்து முடிஞ்ச விசயம். இங்க 9 மாசத்தில ஒண்டு, 3 வயசில ஒண்டு. அந்த ஊசி தடுக்கிற சின்னமுத்து 2023ல கொழும்பிலயே திரும்ப வந்ததயும் நினைச்சுக்கொள்ளுங்கோ.

பிரைவேட்டில போறம். நல்ல இடம் எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இலங்கை மருத்துவ சபைப் பதிவு இருக்கா, எங்க படிச்சவர் எண்டு நேர கேளுங்கோ, நல்ல தெரபிஸ்ட் கோவிக்க மாட்டார். உங்கள உள்ள இருக்க விடுகினமா, இந்த மூண்டு மாசத்தில என்ன எதிர்பாக்கிறம் எண்டு சொல்லுகினமா, வீட்டில செய்ய ஏதும் தருகினமா எண்டு பாருங்கோ. "மூண்டு மாசத்தில கதைக்க வைப்பம்", "ஓட்டிசத்த முழுசாச் சுகப்படுத்துவம்" எண்டு சொல்ற இடத்துக்கு ஒரு வருசக் காச முன்கூட்டியே கட்டாதேங்கோ, ஸ்டெம் செல், ஒக்சிஜன் அறை, உடம்பில இருந்து ஈயம் எடுக்கிற மருந்து எண்டு ஆரும் சொன்னா வெளிக்கிட்டு வாங்கோ. கதவப் பூட்டிக்கொண்டு உள்ள பிள்ளை அழ, வெளிய அம்மாவ இருத்தி வச்ச ஒரு இடத்தில நானும் இருந்திருக்கிறன். அப்படிப்பட்ட இடத்தில கதவத் தட்டி உள்ள போக உங்களுக்கு உரிமை இருக்கு.

அவர் கட்டார்ல. ஃபோன்ல சொன்னா "பிள்ளைக்கு ஒண்டுமில்ல, நீதான் யோசிக்கிறாய்" எண்டு ஏசுறார். என்ன செய்ய?

தூர இருக்கிறவருக்கு வீடியோ கோல்ல பிள்ளை சிரிக்கிற அஞ்சு நிமிசம்தான் தெரியும். மேல கிளினிக்குக்கு எடுக்கச் சொன்ன அதே வீடியோக்கள அவருக்கும் அனுப்புங்கோ. டொக்டர் மறுக்காட்டி அவரையும் கோல்ல எடுத்து நேர கேக்க விடுங்கோ. அவர் ஒத்துக்கொள்ளும் வரைக்கும் டேட் எடுக்காம இருக்காதேங்கோ, அம்மாட சம்மதம் கிளினிக்குக்குப் போதும்.

ஆறு மாசமா ஸ்பீச் போறம், ஒரு சொல்லும் வரேல்ல. நிப்பாட்டட்டா?

நிப்பாட்ட முதல் சொல்லத் தவிர வேற என்ன மாறியிருக்கு எண்டு பாருங்கோ: கூப்பிடத் திரும்புறாரா, கை காட்டுறாரா, சொன்னது விளங்குதா. இது மாறியிருந்தா கதை அதுக்குப் பின்னாலதான் வரும். ஒண்டுமே மாறேல்ல எண்டா தெரபிஸ்டிட்ட நேர கேளுங்கோ, காது டெஸ்ட் சரியா முடிஞ்சதா, படம் காட்டிக் கேக்கிற முறை, சைகை பழக்கலாமா எண்டு. சைகை பழகினா வாய் திறக்காது எண்டு பயப்படுகினம், ஆனா கேக்க ஒரு வழி கிடைச்ச பிள்ளைக்கு எரிச்சல் குறையும், கதைக்கு அது தடையில்ல. மாசத்துக்கொருக்கா அரை மணித்தியாலம் போய் வந்து வீட்டில ஒண்டும் செய்யேல்ல எண்டா ஆறு மாசமும் ஆறு வகுப்புத்தான் எண்டதையும் யோசியுங்கோ.

ஹொஸ்பிட்டல் ரெக்கோர்ட்ல ஒருக்கா ஏறினா பிறகு ஸ்கூல் எடுக்க மாட்டினமோ? அதுக்குப் பயந்துதான் காட்டாம இருக்கிறம்.

கிளினிக் கொப்பி உங்கட கையிலதான் இருக்கு, ஹொஸ்பிட்டல்ல இருந்து ஸ்கூலுக்கு ஆரும் லிஸ்ட் அனுப்புறதில்ல. 5ல இருந்து 16 வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் கட்டாயம், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி இயலாமையக் காரணம் காட்டி ஒரு பிள்ளைய மறுக்கவும் ஏலாது. நடைமுறையில சில ஸ்கூல் தட்டிக்கழிக்கும், அது எனக்கும் தெரியும், ஆனா ரெண்டரை வயசில தொடங்கின பிள்ளை அஞ்சு வயசில தன்ட பேரச் சொல்லி, டொய்லெட் கேட்டு, வாங்கில இருக்கிற நிலைக்கு வந்திருக்க வாய்ப்புக் கூட. மறைச்சு வச்சா அந்த ரெண்டரை வருசமும் போயிடும்.

முதலாம் வகுப்புக்கு ஜனவரி 31ல 5 வயசு முடிஞ்சிருக்கோணும், விண்ணப்பம் அதுக்கு முந்தின வருச நடுவிலயே வந்திடும். அதால நாலு வயசிலயே தெரபிஸ்டிட்டயும் டொக்டரிட்டயும் கேளுங்கோ, சாதாரண வகுப்பா, விசேட கல்விப் பிரிவு இருக்கிற ஸ்கூலா எண்டு, ஒரு ரிப்போர்ட்டும் எழுதி வாங்குங்கோ. விசேட கல்விக்குப் பொறுப்பான ஆள் வலயக் கல்வி அலுவலகத்தில இருப்பார், கிட்ட எந்தத் தமிழ் ஸ்கூல்ல அந்தப் பிரிவு இருக்கு எண்டு அவரிட்டக் கேட்டா நாலு ஸ்கூல் வாசல் ஏறி இறங்கத் தேவையில்ல. உதவிப் பணம் பற்றிக் கேக்கிறதெண்டா பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தர், அங்க போகேக்க டொக்டர்ட லெட்டர், பிறப்புச் சான்றிதழ், உங்கட ஐ.டி. மூண்டையும் கொண்டு போங்கோ.